வசந்தி கேட்ட கேள்வி

சனிக்கிழமை, டூங்கபி

என் மனைவி வசந்தி தன் தங்கை மகளின் கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போகிறாள். இன்று டிக்கெட் எடுக்கும்போது, பயணக் காப்புறுதியும் வேண்டுமா என்று விமான நிறுவனத்தின் இணையத்தளம் கேட்டது. நான் ‘ஆம்’ என்று அழுத்தப் போனேன்.

“பொறுங்கோ. என்ர இதய வருத்தத்துக்கும் இது காசு தருமோ?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. காப்புறுதி நிறுவனத்தை அழைத்துக் கேட்க அவள் போனை எடுத்தாள். ஆங்கிலத்தில் பேசவேண்டி வந்தால் எப்போதும் போனை என்னிடம் தந்துவிடுவாள். இன்று நான் கை நீட்டியும் தரவில்லை.

“நான் கதைக்கிறன்.”

காப்புறுதிக்காரப் பெண் வேகமாகப் பேசினாள். மெதுவாகச் சொல்லும்படி வசந்தி கேட்டாள். அந்தப் பெண் சுற்றிவளைத்தபோது, ஓமா இல்லையா என்று ஆங்கிலத்திலேயே திரும்பவும் கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. உடனே வேறு நிறுவனங்களைத் தேடி அழைத்தாள். இதய நோய்க்கும் காசு தருவோம் என்று ஒரு நிறுவனம் எழுதி அனுப்பிய பிறகுதான் அதன் காப்புறுதியை வாங்கவிட்டாள்.

“நல்லாக் கதைச்சனீர்” என்றேன்.

“எனக்கு வருத்தமெண்டால் நான்தானே கேக்கவேணும்” என்றுவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனாள்.

அவள் தனியாகப் போவதில் எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் கிளேட்டனில் இருக்கும் மகனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் காப்புறுதியைப் பற்றியே விசாரித்தான். நான் அவன் அம்மாவின் ஆங்கிலத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.