மேசை தட்டும் சத்தம்

ஜெர்மனி, மே 1933

அன்புள்ள அப்பாவுக்கு இல்கா எழுதுவது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அம்மா சொல்கிறபடி மார்பில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்துக்கொள்கிறீர்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பேப்பரில் பார்த்துக் கவலைப்படுவீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் படத்தை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே, என் பேராசிரியர் லிண்டாவர், அவரை யூதர் என்பதால் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடைசி வகுப்பில் அவர் வாயைத் திறந்ததும் மாணவர்கள் காலைத் தரையில் தேய்த்தார்கள். பிடிக்காதவரை இங்கே அப்படித்தான் விரட்டுவார்கள். அவரிடம் படித்து ஆளான ஹெல்மூட் எழுந்தான்.

“உங்க பௌதிகம் இனிமே எங்களுக்கு வேணாம். கிளம்புங்க.”

“கிளம்புறேன்பா. உன் கட்டுரையில மூணாம் பக்கம் ஒரு கணக்கு தப்பா இருக்கு. அதை மட்டும் திருத்திடு.”

திங்கட்கிழமை புது ஆசிரியர் வந்தார். பலகையில் எழுதியது லிண்டாவரின் சமன்பாடுதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயரை மட்டும் சொல்லவில்லை. பிடித்துப்போனால் மேசையைத் தட்டுவது இங்கே வழக்கம். அறை அதிரத் தட்டினார்கள், ஹெல்மூட்தான் முதலில். ஆள் கசக்கிறார், அவர் சமைத்தது மட்டும் இனிக்கிறது.

என் ஆய்வேட்டில் இனி யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்காதீர்கள். பிளம் ஜாம் இரண்டு புட்டி அனுப்புங்கள். ஒன்று அவருக்கு. தெருமுனைக் கடைக்காரர் அவருக்கு எதுவும் விற்பதில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இப்போது அவர் ஒருவர்தான்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். அப்பா, சுவரிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடாதீர்கள். இங்கே வகுப்பறையில் அவர் படம் தொங்கிய ஆணியில் ஹெல்மூட் தன் கோட்டை மாட்டுகிறான்.

உங்கள் இல்கா