உருண்டு வரும் காய்கள்

ஏப்ரல் 9

விசில் கஷ்டிக்குப் போய்விட்டது. எங்கள் மலையின் தீக்காவல் குழுவுக்கு இந்த வருஷம் அவள்தான் தலைவி. ரேஞ்சர் எல்லார் முன்னாலும் அவள் கழுத்தில் மாட்டினார். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் டீ டம்ளர் இருந்தது. கீழே வைத்திருக்கலாம்தான் — ஏன் வைக்க வேண்டும்?

ஏப்ரல் 10

காட்டுத் தீயை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புருவம் கருகித்தான் கற்றேன். அவள் அல்மோராவில் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து வந்தவள். அது போதுமாம்.

ஹருலி ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்: "விசில் ஊத மூச்சு வேணும். ஒங்களுக்கு ஏத்தத்துல பேசவே மூச்சு இல்ல." கட்டிய மனைவியும் அவள் பக்கம்.

ஏப்ரல் 15

தென்சரிவில் தீ. அதற்குக் கீழே குறுக்காகப் பைன் சருகை வாரி அகற்றித் தடுப்புக் கோடு போட்டோம். தொடங்கும் முன் கஷ்டி ஒவ்வொருவரையும் கேட்டாள்: "தீ சுத்தி வளைச்சா எங்க ஓடுவ? கையக் காட்டு." பக்கவாட்டில் எரிந்து முடிந்த கருந்தரையைக் காட்டினோம். அங்கே எரிய மிச்சமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நானும் காட்டினேன்.

பிறகு என்னிடம் வந்தாள். "தாஜூ, நீங்க எங்களுக்குக் கீழ நில்லுங்க. எரியிற பைன் காய் கோட்டத் தாண்டி உருண்டா மிதிச்சு அணைச்சிட்டுக் குரல் குடுங்க."

எனக்குப் பைன் காய் மிதிக்கும் வேலை!

"அப்படியே குரங்கும் ஓட்டட்டுமா?"

"வந்தா ஓட்டுங்க தாஜூ."

குழுவில் பக்கத்தில் நின்ற கிமானந்த் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் என்று கூப்பிட்டே ஆளைக் கீழே இறக்குகிறாள்.

ஏப்ரல் 16

வயிறு எரிகிறது. நேற்றைய பருப்பு என்கிறாள் ஹருலி. பருப்பு இல்லை.

ஏப்ரல் 22

நேற்று எழுத முடியவில்லை.

மறுபடி தீ. தடுப்புக் கோட்டைப் பார்க்க ரேஞ்சர் வந்திருந்தார். கஷ்டி பேசப் பேசத் தலையாட்டினார். கீழே நின்ற என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு மேலே ஏறித் தீயை அடித்தேன். பார்க்கட்டுமே. பார்த்தார். "சபாஷ், போரா ஜீ!" என்றார். அந்த நேரத்தில்தான் ஒரு காய் உருண்டு போயிருக்கிறது.

கீழிருந்து புகை. பிறகு தீயே ஏறி வந்தது. விசில் கேட்டது. எல்லாரும் கருந்தரைக்கு ஓடினார்கள். நான் மேட்டில் ஓடினேன். மேட்டில்! ஏறுகிற தீயோடு போட்டி போட்டு! எனக்கா தெரியாது?

கஷ்டி திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இந்தப் பக்கம்யா கிழவா!" தாஜூ என்று சொல்லவில்லை.

நான் தப்பினேன். அவளுக்கு இடது பாதம் வெந்துபோனது.

ஏப்ரல் 25

பார்க்கப் போனேன். காலில் கட்டோடு எழுந்து டீ போட்டு, கடிக்க வெல்லமும் கொடுத்தாள்.

"கீழ யாரு நின்னதுன்னு ரேஞ்சர் கேட்டாரு தாஜூ."

"நீ என்ன சொன்ன?"

"அவங்களே வந்து சொல்லுவாங்கன்னேன்."

இதிலும் அவளே ஒரு படி மேலே. தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 26

போய்ச் சொன்னேன்.

மே 19

கஷ்டி நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தாள். விசில் அவள் கழுத்தில். வடசரிவில் தீ. காய் பார்க்கக் கிமானந்தை அனுப்பினாள்.

"அங்க நான் நிப்பேன்," என்றேன்.

"மேல ரேஞ்சர் வர்றாரு தாஜூ."

"வரட்டும்."

காய்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையும் விடவில்லை. மேலே யாருக்கோ கை தட்டினார்கள். யாருக்கு என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.