சம்பந்திக்குச் சீன எழுத்தில் ஓர் அழைப்பு

அன்புள்ள மதினி,

இன்று காலை டவுன்ஹால் ரோட்டில் புது போன் வாங்கினேன். சிம்மைப் போட்டு முடித்த கடைக்காரர், "தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் ஏத்திட்டேன்க்கா, போதும்ல?" என்றார். "சைனீஸும் ஏத்துங்கண்ணே, விரலால எழுதுற மாதிரி" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சைனாவுல யாவாரமாக்கா?" என்று கேட்டார். "இல்லண்ணே, சம்பந்தம்" என்றேன். பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்திருப்பீர்கள்.

உங்கள் போனில் இதே சீனத்தை ஏற்ற நாம் பட்ட பாடு கொஞ்சமா? ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்பதால், இன்வெர்ட்டர் முதல் மிக்ஸி வரை எல்லாம் எனக்குத் தெரியும் என்பது உங்கள் தீர்மானம். அண்ணனிடம்கூடக் கேட்காமல் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். அன்றும் அப்படித்தான் ஓடி வந்தேன். சீனாவில் வேலைக்குப் போன உங்கள் மகன் அங்கேயே கல்யாணமும் முடித்து, பேத்தியும் பிறந்திருந்த சமயம். மருமகளின் அம்மா உங்கள் நம்பரை வாங்கி ஏதோ அனுப்பியிருந்தார். உங்கள் பழைய போனில் அது வரிசையாக வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.

"இந்தா பாரு, சம்பந்தியம்மா கட்டம் கட்டமா அனுப்பிருக்காங்க. பேத்தி ஜாதகம் போல. நம்ம ஜோசியர்ட்ட காட்டுவமா?"

"கட்டத்துக்குள்ள ஒரு கிரகத்தையும் காணோமே மதினி."

"அது அடுத்து வருமா இருக்கும்" என்றீர்கள், கொஞ்சமும் அசராமல்.

அந்த போனுக்குச் சீன எழுத்தே தெரியாது, தெரியாத எழுத்துக்கெல்லாம் கட்டம் போட்டுவிடும் என்று விளக்கினேன். சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க ஒரு மத்தியானம் பிடித்தது. போன் அணைந்து எழுந்தபோது கட்டங்கள் போய் எழுத்துகள் வந்திருந்தன. மொழிபெயர்த்துப் பார்த்தால், 'குழந்தையின் மூக்கு உங்களுடையது' என்று இருந்தது. அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றீர்கள்.

பேத்தியோடு அவர்கள் ஊருக்கு வரும்போது காதுகுத்து வைப்பது என்று முடிவானதும்தான் சிக்கல் தொடங்கியது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? மருமகளோ ஒற்றைப் பிள்ளை, கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. "ஊருல மாமன்காரனுக்கா பஞ்சம், யாராச்சும் ஒருத்தன உக்கார வச்சா முடிஞ்சு போச்சு" என்றார் அண்ணன். உங்களுக்கு முகமே மாறிவிட்டது. "யாரோ ஒருத்தர் மடியில வச்சா, அந்தப் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல ஆளே இல்லைன்னு ஆயிரும்ல? அவுங்க அம்மா இருக்காங்க. அவுங்களே மாமன் எடத்துல உக்காரட்டும்."

மகனிடம் சொன்னால் அவன் கூட்டி வந்துவிடுவான் என்றேன். "அவன் வாயால கூப்பிட்டா அது அழைப்பா? சம்பந்தியச் சம்பந்திதான் கூப்பிடணும்" என்றீர்கள். சரி, நான் மொழிபெயர்த்து வெட்டி ஒட்டி அனுப்பிவிடுகிறேன் என்றேன். அதற்கும் திட்டுதான். "பத்திரிகைய வாசல்ல வீசிட்டு வாரதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? நானே என் கையால எழுதுவேன்."

அப்புறம் கீபோர்டு வேட்டை. செட்டிங்ஸுக்குள் போனால் சீனத்திலேயே சுருக்கிய எழுத்து, பழைய எழுத்து என்று இரண்டு. சம்பந்தி வீட்டில் சுருக்கிய எழுத்துதான் என்று உங்கள் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒலியை இங்கிலீஷில் அடித்தால் சீனமாக மாறும் கீபோர்டு முதலில் வந்தது. ஒலியே தெரியாத நமக்கு அது எதற்கு? தேடித் தேடி, விரலால் எழுதும் பலகையைக் கண்டுபிடித்தேன். நீங்கள் எழுத எழுத, இதுவா, இதுவா என்று மேலே எழுத்துகளைக் காட்டும் அந்தப் பலகையை உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. "நம்ம வாத்தியாருங்க இம்புட்டுப் பொறுமையா இருந்திருந்தா நான் காலேஜே முடிச்சிருப்பேன்" என்றீர்கள்.

என் போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, உங்கள் போனில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினீர்கள். குக்கர் விசில் அடித்தது, நீங்கள் எழுந்திருக்கவில்லை. 'வாருங்கள்' என்பதற்கான எழுத்து வந்ததும் நிறுத்தி, "கைய விரிச்சுக்கிட்டு நிக்குது பாரு, வாங்க வாங்கன்னு" என்று சந்தோஷப்பட்டீர்கள். அந்த ஓர் எழுத்தை மட்டும் அப்புறம் பார்க்காமலே எழுதப் பழகினீர்கள். எங்கள் வழக்கம் இது, உங்கள் வீட்டில் மாமன் இல்லை, அந்த இடம் உங்களுக்கு உரியது, வந்து உட்காருங்கள் என்பதுதான் மொத்தச் செய்தியும். அனுப்பிவிட்டு, 'கோவிச்சுக்குவாங்களோ' என்று உடனே கவலைப்படவும் ஆரம்பித்தீர்கள்.

பதில் வரவில்லை. போனும் கையுமாகவே திரிந்த நீங்கள் சாப்பிடக்கூட மறந்தீர்கள். பரவை மார்க்கெட்டில் நாம் வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அதிர்ந்தது. உடனே என்னிடம் நீட்டினீர்கள். மொழிபெயர்த்து வாசித்தேன்: 'வருகிறேன். எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? எனக்கு முழங்கால் வலி உண்டு.'

வெங்காய மூட்டைமேல் சாய்ந்து நீங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார். "இது நம்ம வீட்டு ஆளுதான்" என்றீர்கள்.

திருமங்கலத்தைத் தாண்டி நம் குலசாமி கோவிலில், நாற்காலி போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தோம். யாரும் சொல்லாமலே, பூட்டு வடிவில் வெள்ளியில் ஒன்று கொண்டுவந்து பேத்தி கழுத்தில் போட்டார். அது அவர்கள் ஊர் வழக்கமாம். "மாமன் சீர் வந்துருச்சுப்பா" என்று அண்ணனே சத்தமாகச் சொன்னார். ஊசி பட்டதும் குழந்தை அழுதது, மடியில் வைத்திருந்தவர் அதைவிட அழுதார், அவரைத் தேற்றுகிறேன் என்று நீங்களும் அழுதீர்கள். ஒரு வார்த்தை பொதுவாக இல்லாத இரண்டு பெண்கள் ஒருவர் கண்ணை ஒருவர் துடைத்துவிட்டதை நான் பார்த்தேன். அவ்வளவு நிறைவான ஒரு விசேஷம் நம் வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை மதினி.

நீங்கள் எங்களை விட்டுப் போன செய்தி கேட்டு உங்கள் மகன் குடும்பத்தோடு வந்தபோது, பின்னாலேயே அந்த அம்மாவும் ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நல்லதுக்குக் கூப்பிட்டுப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமப் போகணும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, அவர் பேத்தியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். அப்புறம் தன் போனில் எதையோ எழுதி, தமிழாக்கி, என் முன்னால் நீட்டினார். 'மாமன் இடத்தில் அவர் என்னை உட்கார வைத்தார். இப்போது அப்பத்தா இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.'

இப்போது பேத்தி நன்றாகப் பேசுகிறாள். வீடியோவில் முதல் தடவை அவள் "அப்பத்தா" என்று கூப்பிட்டபோது, உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். இப்போதெல்லாம் திரும்புவதில்லை மதினி. "என்னத்தா" என்று நானே குரல் கொடுக்கிறேன்.