வழக்கு முடியும்வரை இந்த வீட்டில்தான்

கெல்லர் ஃபால்ஸ்
அக்டோபர் 19

அன்பு மகள் ரெனேட்டாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வலது முழங்கால் மட்டும் குளிர் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது, நீயும் கர்ட்டிஸும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் வீட்டை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன் என்று ஏப்ரலில் சொன்னேன் அல்லவா, அது நடக்காது. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தேர்தல் தொகுதிகளைப் புதிதாகப் பிரித்ததை எதிர்க்கும் வழக்கில் நானும் பெயர் கொடுத்தது உனக்குத் தெரியும். நம் ஊரை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நாற்பது மைல் தள்ளியிருக்கிற பண்ணைக் கிராமங்களோடு ஒட்டிவிட்டார்கள், கோடு மில் தெரு நடுவே போகிறது, என் வீடு ஒரு தொகுதி, எதிரே என் டயர் கடை வேறு தொகுதி. ஆளுங்கட்சி தன் வசதிக்கு வரைந்தது. தேய்ந்த டயருக்குக் கறுப்புப் பூசி நம்மிடமே விற்க வருகிறவர்களை முப்பது வருஷமாகப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா. ஆனால் வெட்டுப்பட்ட தொகுதியில் குடியிருப்பவரால்தான் அதற்காக வழக்காட முடியுமாம். நம் தொகுதிக்கு ஹார்லன் வாத்தியாரும் நானும் இருந்தோம், அவர் மார்ச்சில் மகனோடு அரிசோனா போனதும் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். புதிதாக ஆள் சேர்க்கக் கெடுவும் முடிந்தது, நானும் போனால் நம் தொகுதி வழக்கிலிருந்தே விழுந்துவிடும். இது புரியாமல்தான் வாசலில் விற்பனைப் பலகையை நட்டேன், மூன்றாம் நாள் நம் வக்கீல் மோனா ஓடிவந்து, என்ன டார்லீன், தொகுதியையும் சேர்த்து விக்கிறீங்களா என்று கேட்ட பிறகுதான் பிடுங்கினேன். அதற்குள் எதிர்த்தரப்பு படம் எடுத்துவிட்டது.

போன செவ்வாய் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அவர்கள் வக்கீல் அந்தப் படத்தை நீட்டி இது யார் வேலை என்றார். நட்டதும் நான், பிடுங்கினதும் நான், குழி அப்படியே இருக்கு, வந்து பாருங்க என்றேன், தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். இங்கேயே இருப்பேன் என்று சத்தியம் செய்தும் சொன்னேன். அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு, நீங்க அந்த வீட்லதான் இருக்கீங்கன்னு சொல்ல யார் இருக்காங்க, கூட உக்காந்து சாப்பிடறவங்க யாரு, வந்துபோறவங்க யாரு என்று கேட்டார். ரெனேட்டா, எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஊரார் கூடிச் சாப்பிடும் மீன் சாப்பாட்டில் என்னோடு உட்காரும் லோயிஸும் அவள் புருஷனும் ஆளுங்கட்சிக்காரர்கள், வழக்குப் போட்ட நாளிலிருந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் தபால்காரர் பெயரைச் சொன்னேன். அதையும் பதிந்துகொண்டார்கள்.

மேல்முறையீடு என்று போனால் இரண்டு வருஷம் என்கிறாள் மோனா. எனக்கு எழுபத்துமூன்று. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன், கோபப்படாதே. எனக்கென்று கீழ் அறையில் வாங்கிப் போட்ட கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடாதே, இப்போதைக்குப் பிள்ளைகள் படுக்கட்டும். மலைப்பாதையில் போகுமுன் குளிர்கால டயர் மாட்டச் சொல்லு கர்ட்டிஸிடம், மலிவாகக் கிடைக்கிறது என்று பழையதை வாங்க வேண்டாம். கடவுள் உங்கள் நால்வரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். முடிந்தால் அடுத்த மாதம் நன்றி கூறும் நாள் விடுமுறைக்கு வந்து நாலு நாள் இரு. மறக்காதே, வண்டியைக் கொட்டகைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மில் தெரு 214ஆம் எண் வீட்டில் வசிக்கும்
உன் அம்மா டார்லீன்