அந்த முகிலின் கீழ் நீ நின்றாய்

இன்று காலை அந்தப் படம் மறுபடியும் வந்தது. யாரென்று தெரியாத ஒருவர் எங்கள் காலநிலைக் குழுவில் போட்டிருந்தார். "நேற்றுப் பின்னேரம் வன்னி வானத்தில்" என்று கீழே ஒரு வரி. படத்தின் இடது மூலையில் நீலத் தண்ணீர்த் தாங்கி, அதன் விளிம்பில் ஒரு காகம். என் அயல்வீட்டுத் தாங்கி அது. மூன்று வருடங்களுக்கு முன் நான் எடுத்த படம். சித்திரை பிறந்து புழுங்கத் தொடங்கினால் எங்கிருந்தாவது அது வந்துவிடுகிறது.

நான் ஒன்றும் எழுதவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக் கதவைத் திறந்தேன். பத்து மணிக்கே முன்தகரம் கொதிக்கிறது. போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. றோட்டோர வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. இப்படியான நாளில் நீ இருந்திருந்தால் இதற்குள் உன் குரல் வந்திருக்கும். "எடியே, உடுப்பு முதுகில ஒட்டுது. ரெண்டு மணிக்கு முகில் எழும்பும் பார்." நீ சொன்னால் எழும்பும். அதிகம் போனால் கால் மணித்தியாலம் முந்தும், பிந்தும்.

நாம் அறிமுகமானதே சண்டையில்தான். நினைவிருக்கிறதா? குழுவில் நான் "இன்று இடிமழைக்கு வாய்ப்பில்லை" என்று எழுத, நீ அடுத்த நிமிடமே ஒரு வாளியில் நிறைந்த மழைத் தண்ணீரைப் படம் பிடித்துப் போட்டாய். "அக்கா, இது ஆர் ஊத்தினது?" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஒரே வயது என்று தெரிந்ததும் அக்கா போய் 'நீர்' ஆயிற்று. ஒரு கோடை முடிவதற்குள் 'நீர்' போய் 'எடி'யும் 'நீ'யும் ஆகிவிட்டன.

நான் ஸ்கந்தபுரத்தில். நீ ஒட்டுசுட்டானுக்கு அருகில், காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில். நேராக அளந்தால் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தூரம்தான் நமக்கு வாய்ப்பாகிப் போனது. சித்திரையில் முல்லைத்தீவுக் கடல் காற்று ஒரு பக்கத்தாலும் மன்னார்க் கடல் காற்று மறு பக்கத்தாலும் உள்ளே வந்து, காட்டுக்கு மேலே முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் முகில் கிளம்பும். முதலில் பூக்கோவா மாதிரித் திரண்டு திரண்டு, பிறகு உச்சி கொல்லன் பட்டடை போலத் தட்டையாக விரியும். அது பெரும்பாலும் உன் தலைக்கு மேலேதான் நடக்கும். கீழே நிற்கும் உனக்கு இருட்டும் காற்றும் தண்ணீரும்தான் தெரியும். முகிலின் உருவம் தெரியாது. அது என் கடையின் கொங்கிறீட் தட்டில் ஏறி நின்றால் எனக்குத் தெரியும்.

"எப்பிடி நிக்குது?" என்று நீ கேட்பாய்.

"இன்னும் வளருது. உச்சி விரியேல்லை. மாட்டைக் கட்டு."

"சரி. கட்டிட்டன். இனி?"

"இனி வீட்டுக்குள்ள போ."

நீ போய்விடுவாய். என் சொல்லுக்கு அப்படி ஒருவரும் கட்டுப்பட்டதில்லை. என் கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

ஒருநாள் உன்னிடம் கேட்டேன், ஏன் இந்தப் பைத்தியம் உனக்குப் பிடித்தது என்று. முத்தையன்கட்டுக் குளக்கட்டில் இருந்தோம். நீ கொண்டுவந்த பாலைப்பழம் விரலெல்லாம் பால் பிடித்து ஒட்டியது. கிழக்கே முகில் வளர்ந்துகொண்டிருந்தது. மின்னல் வெட்டியதும் நீ வாய்க்குள் எண்ணத் தொடங்கினாய். இடி வந்ததும் நிறுத்தி, "பதினெட்டு. ஆறு கிலோமீட்டர்" என்றாய். பிறகு சொன்னாய்:

"பங்கருக்குள்ள இருக்கேக்க எண்ணப் பழகினனான். தூரத்தில ஷெல் குத்துற சத்தம் கேக்கும். அம்மா எங்களைக் குனியச் சொல்லுவா. நான் எண்ணுவன். எண்ணி முடியிறதுக்குள்ள எங்கயோ விழும். எங்க விழும் எண்டு மட்டும் சொல்லேலாது."

இன்னொரு பாலைப்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய்.

"இதை எண்டால் சொல்லலாம். இது எங்கயிருந்து வருது, எப்ப வரும், எப்ப போகும் எண்டு பார்த்துச் சொல்லலாம். அதாலதான் எனக்கு இடிமழை விருப்பம்."

நானும் அதே பங்கர்களில் இருந்தவள்தான். எனக்கு அந்த எண்ணிக்கை வரவில்லை. காதைப் பொத்திக்கொள்ள மட்டும்தான் வந்தது. உன்னைப் பார்த்துத்தான் என் கைகளைக் காதிலிருந்து எடுத்தேன்.

ஆலங்கட்டி விழுந்த நாளில் நீ போட்ட கூத்தையும் இங்கே எழுதிவிட வேண்டும். எப்போதும் உன் கடைசி நாளை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பது உனக்குச் செய்யும் அநியாயம். தலையில் சருவச்சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் ஓடி ஓடிப் பொறுக்கினாயாம். உருகிவிடும் என்று, சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானாவின் ஐஸ்பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தாய். "என்ன பிள்ளை, இதையும் விக்கப் போறியளோ?" என்று அவர் கேட்டதை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நான் பஸ் ஏறி வந்து பார்த்தபோது ஒரு பட்டாணி அளவு மிஞ்சியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உருகி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே மூச்சு முட்டிய நாள். இரண்டு மணிக்கு எழும்பியது. மூன்றரைக்கு முகில் நான் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. நான் தட்டில் நின்றேன். மேற்கிலிருந்து வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. பட்டடை முழுவதும் பொன்னிறம், அடிவாரம் கருநீலம். கையில் தொலைபேசியோடு சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். உன் வீட்டில் அடித்துப் பெய்துகொண்டிருந்தது. "கூரை பறக்கப் போகுது" என்று அனுப்பினாய். அதன் பிறகு, "மழை விட்டிட்டுது. தூறல்கூட இல்லை."

முகிலின் கீழ்ப்பகுதி கரைந்துபோயிருந்தது. மேலே பட்டடை மட்டும் ஆகாயத்தில் விரிந்து நின்றது. அந்த நேரத்தில்தான் இன்னும் அழகாக இருந்தது. எடுத்த படங்களில் எது நல்லது என்று தெரிவு செய்துகொண்டிருந்தேன். உன் குரல்பதிவு வந்தது.

"மாடு வயலுக்க கத்துது. கண்டுக்குட்டி வீட்டில நிக்குது. போய் அவிட்டுக்கொண்டு வரட்டோ?"

கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வெளியே போகக்கூடாது என்பது உனக்கும் எனக்கும் தெரிந்த விதி. குழுவில் அதை எழுதிப் போட்டவளே நீதான். இருந்தும் நீ என்னைக் கேட்டாய், ஏனென்றால் முகிலைப் பார்ப்பவள் நான். நான் நிமிர்ந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன்? ஒரு விநாடி இருக்கும். பிறகு ஒரு விரலால் அழுத்திக்கொண்டு சொன்னேன்:

"முகில் உடைஞ்சிட்டுது. போ, இனி ஒண்டுமில்லை."

நாலு மணி பன்னிரண்டு. அந்தக் குரல்பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது. நாலு பதினான்குக்குப் படத்தைப் போட்டேன். இடையில் இரண்டே நிமிடங்கள்.

படம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கொழும்பிலிருந்து, கனடாவிலிருந்து, முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாராட்டினார்கள். உனக்கு அனுப்பினேன். "பார்த்தியே, உன்ர வீட்டுக்கு மேல நிண்டவர்?" இரண்டு சாம்பல் குறிகள் விழுந்தன. நீலமாகவில்லை. மாடு அவிழ்க்கப் போனவள் இன்னும் பார்க்கவில்லையே என்று எனக்குச் சின்னக் கோபம்கூட வந்தது.

பின்னேரம் ஆறு மணியளவில் படத்தின் கீழே ஒருவர் எழுதினார்: "இந்த முகிலாலதான் ஒட்டுசுட்டான் பக்கம் மின்னல் விழுந்து ஒரு பொம்பிளை செத்துப்போனா." நான் உடனே பதில் எழுதினேன். "ஐயோ, ஆர்?"

ஆர் என்று கேட்டிருக்கிறேன். உன் எண்ணை அழைக்காமல் அந்நியன் ஒருவனிடம் கேட்டிருக்கிறேன். அதை எழுதிய கையாலேயே பிறகு உன் எண்ணை அழுத்தினேன். உன் கணவர் எடுத்தார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மாடு கத்தியது.

மறுநாள் மாங்குளத்தில் பஸ் மாறி வந்தேன். உன்னை வெளிப்பந்தலில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. வலது காதோரம் தலைமயிர் மட்டும் சுருண்டு கருகியிருந்தது. நான் உன் காலடியில் இருந்தேன். மதியம் தாண்டியதும் கிழக்கில் மறுபடியும் திரளத் தொடங்கியது. பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். உன் சின்னம்மா என்னிடம் வந்து குனிந்தா.

"பிள்ளை, நீங்கள்தானே மழை பார்க்கிறனீங்கள்? அவள் எந்த நேரமும் உங்கட கதைதான். மழைக்கு முன்னம் எடுக்கலாமோ, இல்லாட்டிப் பொறுத்து எடுக்கிறதோ?"

உன்னைக் கொண்டுபோக நேரம் குறித்துத் தரும்படி என்னைக் கேட்டா. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியாது."

அன்று மழை பெய்யவில்லை. திரண்ட முகில் நெடுங்கேணிப் பக்கமாகப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தபோது உன் கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் கிணற்றடியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேசன் வேலை செய்து வெடித்த கைகள். நான் தொலைபேசியை எடுத்து, "அண்ணை, ஒண்டு கேக்க வேணும் நீங்கள்" என்று தொடங்கினேன்.

"வேண்டாம்" என்றார். "அண்டைக்கே கேட்டிட்டன். அவாவின்ர போன் மேசையிலதானே கிடந்தது."

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் சொல்லாட்டிலும் அவா போயிருப்பா. மாடு கத்தினால் நிக்கமாட்டா."

அவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற நினைத்தார். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நான் 'பொறு' என்றிருந்தால் நீ பொறுத்திருப்பாய். மாடு தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் வாசலில் நின்று, "இப்ப எப்பிடி? இப்ப எப்பிடி?" என்று என்னைக் குடைந்துகொண்டு நின்றிருப்பாய். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் படலையைத் திறக்கும்போது அவர் பின்னால் வந்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி. உந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ. ஆக்கள் வடிவாயிருக்கு எண்டு எழுதுகினம். எனக்கு வாசிக்கேலாமல் கிடக்கு."

பஸ்ஸுக்குள் ஏறுவதற்கு முன் அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் எடுத்துவிட்டார்களோ தெரியாது. ஒருமுறை அது கிழக்கு மாகாணத்து முகிலாக வந்தது. ஒருமுறை இந்தியாவில் எங்கோ எடுத்ததாக வந்தது. எங்கே எடுத்ததாகச் சொன்னாலும் நான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். முகிலுக்குக் கீழே, மரங்களின் கரிய கோட்டில், உன் வயல் எங்கே இருக்கும் என்று விரலால் நகர்த்தித் தேடுகிறேன். நாற்பது கிலோமீட்டரில் எதுவும் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் தேடுகிறேன். அந்தப் படத்தை நான் போட்ட நேரத்தில் நீ கதவடியில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

ஒரு வருடம் முழுக்க நான் வானத்தைப் பார்க்கவில்லை. குழுவிலிருந்து விலகினேன். மழை வந்தால் கடைச் சட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருந்தேன். என் கைகள் மறுபடியும் காதுக்குப் போயின.

திரும்ப இழுத்தது ஓர் அழைப்பு. தண்ணீரூற்றிலிருந்து ஒரு பெண், முன்பு குழுவில் இருந்தவவாம். கச்சான் கடலை பிடுங்கிக் காயப்போட்டிருக்கிறாவாம். கணவரும் வீட்டில் இல்லையாம், மகள் மட்டும்தானாம். மழை விட்டுவிட்டது, போய் அள்ளலாமா என்று கேட்டா.

"நான் இப்ப பார்க்கிறேல்லைத் தாத்தா" என்றேன், முஸ்லிம் அக்காமாரைக் கூப்பிடும் முறையில்.

"அல்லாவே, வேற ஆரிட்டக் கேக்கிறது? ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ, தங்கச்சி."

அந்தக் குரலில் கச்சானைவிட வேறொன்றும் நினைப்பில்லை என்பது எனக்குக் கேட்டது. அவவின் ஒரு கால் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே இருக்கும்.

"வெளிய போகாதேங்கோ" என்று கத்திவிட்டேன். "கச்சான் இன்னும் நனைஞ்சால் நனையட்டும். போனை வையாதேங்கோ. என்னோட கதைச்சுக்கொண்டிருங்கோ."

அவ பயந்துபோனா. ஆனால் வைக்கவில்லை. அரை மணித்தியாலம் கதைத்தோம். கச்சானில் தொடங்கி, இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலம், திரும்பி வந்தபோது வளவில் நின்ற பற்றைக்காடு, மகளின் படிப்பு என்று போனது. பன்னிரண்டாம் நிமிடத்தில் அவவின் பக்கத்தில் ஓர் இடி விழுந்தது. மகள் வீரிட்டது எனக்குக் கேட்டது. பிறகு அவ மெதுவாகக் கேட்டா, "தங்கச்சி, நீங்கள் அழுறீங்களோ?"

அன்றிலிருந்து அழைப்புகள் வருகின்றன. குழுவிலும் மறுபடி சேர்ந்துகொண்டேன். அவ ஊரெல்லாம் சொல்லியிருக்கிறா. வயலில் நிற்பவர்கள், தோணி இழுப்பவர்கள், மாடு கட்டியவர்கள். கடையில் ஆள் நின்றாலும் எடுக்கிறேன். என் கணவர் சிரிக்கிறார், "ஒரு மழைக்கு அரை மணித்தியாலக் கதையோ?" என்று. ஓம், அரை மணித்தியாலம். கதைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது அவர்கள் வீட்டில் என்ன கறி என்று கேட்கிறேன்.

நேரம் முடிந்த பிறகும் 'போ' என்ற சொல் என் வாயிலிருந்து வருவதில்லை. மூன்று வருடங்களாக அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, என் பிள்ளைகளுக்குக்கூட. "வேலை முடிச்சு வந்து எனக்கு ஒருக்காக் கோல் எடுங்கோ" என்கிறேன். சிலர் உடனே எடுக்கிறார்கள். சிலர் வேலைக் களைப்பில் மறந்துபோகிறார்கள். அவர்களின் எண்ணை நானே அழைக்கிறேன். மணி அடிக்கும், அடித்துக்கொண்டேயிருக்கும். யாராவது எடுத்து, "ஓம், வந்திட்டன், சொல்லுங்கோ" என்று சொல்லும்வரை நான் இருந்த இடத்தைவிட்டு எழும்புவதில்லை.