உன் படத்துக்குப் பின்னால் ஒரு குளவிக்கூடு

என் பிரிய அண்ணா,

உன் படத்துக்குப் பின்னால் குளவி கூடு கட்டிவிட்டது. உன் பழைய எதிரிதான். சிலந்திகளுக்காகக் குளவியோடு மல்லுக்கு நின்றவன் முதுகிலேயே மண்ணை அப்பியிருக்கிறதே, அதன் தைரியத்தை என்ன சொல்ல?

சின்ன வயதில் மோட்டார் ரூமில் கூடுகளை உடைத்து, உள்ளே கிடந்த சிலந்திகளை வாழை இலையில் எடுத்து வைப்பாய். நீ காப்பாற்றியதில் ஒன்றாவது எழுந்து நடந்ததா? குளவி அவற்றைக் கொட்டி மரத்துப்போக வைத்து, தன் புழுவுக்குத் தீனியாக உயிரோடு அடைத்து வைக்கும் என்று பிறகுதான் நமக்குத் தெரிந்தது. தெரிந்தும் நீ உடைப்பதை விடவில்லை.

போன வாரம் அண்ணி மாலை மாற்ற உன் படத்தைக் கழற்றினாள். ஆணியில் இடித்துக் கூட்டின் ஓர் அறை உடைந்தது. அம்மா பதறிவிட்டாள்.

"மிச்சத்தையும் ஒடைச்சுப்போடாத கண்ணு. குளவி கூடு கட்டுன ஊட்டுல கொழந்தை பொறக்கும்பாங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அம்மாவுக்கு உறைத்தது. நீ போன பிறகு சித்தூரிலிருந்து அண்ணிக்கு ஒரு நல்ல வரன் வந்தது. சம்மதிக்கச் சொல்லிக் கெஞ்சியதே அம்மாதான். கேட்கும்போதெல்லாம் அண்ணி உன் படத்தைக் காட்டி, "அவரு பாத்துட்டு இருக்காருங்க அத்தை" என்று வாயை அடைத்துவிடுவாள். நீ அப்படியா பார்த்துக்கொண்டிருந்தாய்?

உடைந்த அறையிலிருந்து சில சிலந்திகள் அவள் உள்ளங்கையில் விழுந்திருந்தன.

"செத்துப்போச்சா அம்மிணி?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லீங்க அண்ணி. உசுரு இருக்குது. அசையத்தான் முடியாது."

ஒரு சிலந்தியின் காலை விரலால் நீவிவிட்டாள். பிறகு படத்தைத் துடைத்து மாட்டி, மாலை போட்டாள். அடுப்படிக்குப் போகிற போக்கில் அம்மாவிடம் சொன்னாள்:

"அந்தச் சித்தூர்க்காரங்கள வரச் சொல்லுங்க அத்தை."

அம்மா அழுதாள். நானும்தான். உன்னை நினைத்தா, அவளை நினைத்தா, தெரியவில்லை. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

இன்று காலை பார்த்தால் மீதிக் கூட்டில் ஒரு துளை. உள்ளே வளர்ந்த புதுக் குளவி வெளியே போய்விட்டது. இந்தத் தடவை உன் கட்சி தோற்றுவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தை மாதம் கல்யாணம்.

உன் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தங்கை செய்யும் இணைச்சீருக்கு உன் பக்கத்தில் நின்றவள் நான். இந்தக் கல்யாணத்தில் எனக்கு என்ன முறை என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். அண்ணிக்குக் குழந்தை பிறந்தால் முதல் ஆளாகப் போய்த் தூக்குவேன். என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று நானே அதற்குச் சொல்லிக்கொடுப்பேன். இது உன் மேல் சத்தியம்.

என்றும் உன் தங்கை,
அந்தக் குழந்தைக்கு அத்தை.