பேமிலி ரூமும் இட்லி விலையும்

அன்பில் ஒருபோதும் குறை வைக்காத அத்தானுக்கு,

சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் இக்குடும்பத்தார் ஓட்டலில் சாப்பிடுவதில்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான், ஆதரித்தவனும் நான். வீட்டில் இருக்கும் மற்றொருவரான அக்கா அப்போது மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழவி நிற்கவில்லை. அதை நடுநிலை என்று எடுத்துக்கொண்டேன்.

காரணம் விலைவாசி. ஐப்பசியில் நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாதே. செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே நீங்கள் வழக்கமாகப் போகும் ஓட்டலில் விலைப் பலகை பெயிண்டில் எழுதியிருந்ததல்லவா? இப்போது சாக்கட்டியில் எழுதுகிறார்கள். அழிக்க வசதி. வடை சிறுத்துவிட்டது, நடுவில் இருக்கும் ஓட்டை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறியதால்தான் இட்லி விலை ஏறியது என்று கல்லாவில் இருப்பவர் விளக்கினார். இட்லி எந்த ஊரிலிருந்து லாரியில் வருகிறது என்று நான் கேட்கவில்லை.

சம்பள நாளில் அக்காவை அழைத்துக்கொண்டு அங்கே போவீர்கள். பேமிலியோடு வந்திருக்கிறேன் என்று வாசலிலேயே அறிவிப்பீர்கள். உங்கள் அகராதியில் பேமிலி என்றால் அக்கா ஒருத்திதான். ஆபீசில் லீவு கேட்டாலும் பேமிலிக்கு ஜுரம் என்றுதான் எழுதுவீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றாலும், பள்ளிக்கூட வாத்தியாரான நான் உங்களைத் திருத்தப் பார்த்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே பச்சைத் திரையை விலக்கி, பெண்களோடு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய அந்தப் பேமிலி ரூமுக்குள் போய்விடுவீர்கள்.

தீர்மானத்துக்கு முந்தின நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து அக்கா தெருவைத் தாண்டவில்லை. அன்று திடீரென்று கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். மகாபலிபுரம் பஸ் ஏறினோம், பார்த்தோம், பசித்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து ஓட்டலுக்குள் அவள்தான் முதலில் நுழைந்து, நேரே திரை போட்ட அறையை நோக்கிப் போனாள். முன்கூடத்தில் என் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் காரியத்துக்கு வந்திருந்தவர்கள். வருஷத் திதிகூட வராத நிலையில், பொட்டில்லாத நெற்றியோடு அக்கா ஓட்டலுக்கு வந்ததைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

சர்வர் வந்து, "பேமிலியா சார்?" என்றார்.

"இல்லப்பா, அக்கா" என்றேன். உங்கள் அகராதியின்படி பிழையற்ற பதில்.

"அக்கான்னா பேமிலி இல்லியா? இன்னா சார் பேசற நீ."

மூன்று தலைகளும் திரும்பின. நான் விலைப் பலகையை அண்ணாந்து பார்த்தேன். அந்த ஊரில் எந்தக் கல்வெட்டையும் நான் அவ்வளவு ஈடுபாட்டோடு படித்ததில்லை. ரொம்ப விலை வைத்திருக்கிறார்கள், போகலாம் வா என்று அக்காவைக் கூப்பிட்டேன். அவள் திரையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

கடற்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். "இன்னாடா, விலை ஏறினா பசி இறங்கிடுமா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மறுநாள் விடிந்ததும் எனக்கு நாட்டின் விலைவாசி பற்றி அப்படி என்ன அவசரம் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். பலகையில் இருந்த எந்த விலையும் எனக்கு நினைவில்லை, அத்தான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை அக்கா தலை வாரிக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஸ்டேஷன் எதிரே இருக்கும் ஓட்டலுக்கு என்றாள். தனியாகவா என்று கேட்டேன். தீர்மானத்தை நினைவூட்டினேன்.

"அது உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தாள். எத்தனை பேர் என்று அங்கே கேட்டார்களாம். ஒருத்திதான் என்றாளாம். சர்வர் பேசாமல் பச்சைத் திரையை விலக்கிவிட்டாராம். "நான் ஒருத்தியே பேமிலின்னு உள்ள உக்கார வெச்சிட்டான்டா" என்றாள். அப்போது அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

ரவா தோசை எப்படி என்று விசாரித்தேன். சின்னதாகிவிட்டது, விலையும் ஜாஸ்தி, வீட்டில் சுட்டால் இதைவிட நன்றாக வரும் என்றாள். பிறகு எதற்குப் போகவேண்டும் என்றேன்.

"வூட்ல முப்பது வருஷமா நான்தான் எல்லாரையும் கேட்டுகினு கீறேன், இன்னா வோணும்னு. அங்க போனா என்னக் கேக்கறாங்க."

மாதம் தவறாமல் நீங்கள் அவளை அழைத்துப் போனது இதற்காகத்தானா? அவள் வாய்விட்டுச் சொன்னாளா, சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தீர்களா? வெளியே சாப்பிடுவது கட்டுப்படியாகாது என்று நான் விளக்கிய இடங்களில் எல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

உங்கள் வருஷத் திதி வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன். அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவோடு நானும் அந்த ஓட்டலுக்குப் போவேன். பேமிலியா என்று கேட்டால், முன்கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கும் கேட்கும்படி ஆமாம் என்று சொல்வேன். இது சத்தியம்.

தீர்மானம் இன்னும் அமலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அக்கா ஓட்டலுக்குப் போய்விடுவதால் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேமிலியின் தம்பி